பேனிக் அட்டாக் (திடீரென்று தாக்கும் கடும் பீதி) வரும்போது மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. ஈசிஜி நார்மல். அப்படியானால் உடம்பில் என்னதான் நடக்கிறது?

ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த அறிகுறிகள் நிஜமானவை, காரணமும் தெரிந்ததுதான்.

மூளையின் அமிக்டலா ஆபத்து என்று எச்சரித்ததும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாம் அதன் வேலை. கூடவே மூச்சும் வேகமெடுக்கிறது. தொல்லை பெரிதாவது இங்கேதான்.

ஓடும்போது வேகமாக மூச்சு விட்டால் சரி, தசைகள் அவ்வளவு கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். உட்கார்ந்த இடத்தில் அப்படி விட்டால், உண்டாவதைவிட அதிகமாக வெளியேறிவிடும். தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் இருக்கவேண்டும்; அது இறங்கி, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் அயனிகளில் ஒரு பங்கு ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தனித்து உலவும் கால்சியம் இப்படிக் குறைந்ததும் நரம்புகள் எளிதில் தூண்டப்படும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், சிலருக்கு விரல்களே இழுத்துக்கொள்ளும். மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலைசுற்றும், சுற்றியிருப்பது எதுவும் நிஜமில்லாதது போலத் தோன்றும். அந்த நேரத்திலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜன் அளவைப் பெரும்பாலும் 98, 99 சதவீதம் என்றே காட்டும்.

ஆகவே "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பது தவறான அறிவுரை. இருக்கிற கொஞ்ச கார்பன் டை ஆக்சைடும் போய்விடும். வாயை மூடி, மூக்கால் 4 விநாடி வழக்கமான அளவே இழுத்து, 6 விநாடி மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடமாவது தொடருங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம்; வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்து.

அட்டாக் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தணியும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்று நாடியையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருப்பது, சின்னப் படபடப்பையும் அட்டாக்காக மாற்றிவிடும். இதை உடைக்கத்தான் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல்) சிகிச்சையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடவைத்து, அந்த உணர்வைப் பழக்குகிறார்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் பதற்றம் கூடலாம் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், நடக்கும்போது வலித்தாலும், நிஜமாகவே மயங்கி விழுந்தாலும் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.