வேறொருவர் கட்டிய விமானம், இனி உங்கள் பொறுப்பு: வாசகர் கேள்வி – பதில்

மாமா தன் கையால் கட்டிய, இரண்டு பேர் அமரும் மர விமானத்தை இனி நான்தான் பராமரிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனரை எடுக்கும் முன் மாமாவோடு உட்காருங்கள். தொழிற்சாலை விமானத்தில் சந்தேகம் வந்தால் தயாரிப்பாளரின் கையேட்டைப் புரட்டலாம். இதற்குத் தயாரிப்பாளர் அவர்தான். வரைபடத்திலிருந்து எங்கெல்லாம் விலகினார், எந்தப் பசை போட்டார், எந்தப் போல்ட்டுக்கு என்ன டார்க் (இறுக்கும் அளவு) வைத்தார் என்பதைக் கேட்டு வரைபடத்தின் மேலேயே குறியுங்கள். வயரிங் விவரம் பெரும்பாலும் கட்டியவரின் நினைவில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக் காட்டச் சொல்லி எழுதிவிடுங்கள்.

பழைய எடை – சமநிலைத் தாளை நம்ப வேண்டாம். இடையில் பெயின்ட் ஏறியிருக்கும், ரேடியோ மாறியிருக்கும். விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டப்படுத்தி, மூன்று சக்கரங்களின் கீழும் தனித்தனித் தராசு வைத்து எடை போடுங்கள். இன்னொன்று: ஆண்டுப் பரிசோதனையில் கையெழுத்திடும் உரிமை விமானத்தோடு கைமாறுவதில்லை. அமெரிக்காவில் கட்டியவர் பெறும் ரிப்பேர்மேன் சான்றிதழ் அடுத்த உரிமையாளருக்குச் செல்லாது. உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று விமானப் போக்குவரத்துத் துறையிடம் முதலிலேயே கேளுங்கள்.

எஞ்சின் கார்புரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ். இரண்டு வருடமாக ஓடவில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட்டினால் போதுமா?

போதாது, அது கெடுதல்தான். ஐந்து நிமிடத்தில் ஆயில் போதிய அளவு சூடாகாது. எரிதலில் உண்டான நீர் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி, அமிலமாகி, உள்ளே துருவேற்றும். ஓட்டும் நாளில் ஒருமுறையாவது ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பறக்க வழியில்லை என்றால் கையேட்டில் சொன்னபடி பாதுகாத்து மூடி வையுங்கள். அவ்வப்போது எழுப்பிப் பார்க்க வேண்டாம்.

திரும்ப ஓட்டப் போகிறீர்கள் என்றால் லாக் புக்கில் ரப்பர் பாகங்களின் தேதியைத் தேடுங்கள். பெட்ரோல், ஆயில், கூலன்ட் ஹோஸ்கள், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் சாக்கெட்டுகள், டயஃப்ரம்கள் (ரப்பர் சவ்வுகள்) எல்லாவற்றுக்கும் ஆயுள் 5 ஆண்டு. பறந்த மணிக்கணக்கு குறைவு என்பதால் அது நீளாது. கார்புரேட்டரைத் திறக்கும்போது, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளான ஃப்ளோட்டுகளை நகைத் தராசில் வையுங்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு ஃப்ளோட்டும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சிவிட்டன என்று பொருள். அவை மூழ்கும், பெட்ரோல் வழியும், எஞ்சின் கரடுமுரடாக ஓடும்.

ஆயில் அளவைப் பார்க்க, இக்னிஷன் இரண்டையும் அணைத்து, ஆயில் டேங்கில் களகளவென்று சத்தம் வரும்வரை ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் வால்வு லிஃப்டர்களுக்குள் காற்று புகும். இக்னிஷன் அணைந்திருந்தாலும் ப்ரொப்பல்லரை உயிருள்ளதாகவே நினையுங்கள்: இக்னிஷனை அணைக்கும் எர்த் ஒயர் ஒன்று அறுந்திருந்தால் போதும், எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். ஆயில் ஹோஸை மாற்றியிருந்தால் கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றி, பிரஷர் காட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிய எஞ்சின்களில் பேரிங் போயிருக்கிறது.

பெட்ரோல் லைனில் அடைப்பில்லை என்று எப்படி உறுதி செய்வது?

கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். மூக்கு மேலேறும் கோணத்தில் விமானத்தைச் சாய்த்து, டேங்கில் குறைந்தபட்ச பெட்ரோலோடு செய்தால்தான் சோதனைக்கு அர்த்தம். இந்த எஞ்சின் டேக்-ஆஃபில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். தானாக வழியும் அமைப்பில் அதன் 150 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 675 மில்லி வர வேண்டும். பம்ப் இருந்தால் 125 சதவீதம், ஏறத்தாழ 560 மில்லி. குறைந்தால் டேங்கின் காற்றுத் துளையை முதலில் பாருங்கள். குளவி மண் அடைத்திருக்கும். வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டாட் குழாயும் குளவிகளுக்குப் பிடித்த இடம்தான். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றும் முன் ரெசின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். சில ரெசின்களை அது கரைத்து ஃபில்டரில் பிசினாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

மர இறக்கையில் எங்கே பார்ப்பது?

தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலைகளில். வடிகால் துளைகள் பெயின்ட்டால் மூடியிருக்கின்றனவா, போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்; கறுப்பு ஈரத்தின் அடையாளம். பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள்: நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், பசை விட்ட இடம் மந்தமாக. இறக்கையின் முதன்மைத் தண்டில் மர நாருக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஓடினால் அது மேல்பூச்சு விரிசலாக இருக்கலாம், நார்கள் நசுங்கியதாகவும் இருக்கலாம். பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். நசுங்கல் என்றால் பறக்கும் பேச்சே வேண்டாம், தண்டை மாற்ற வேண்டும்.

எல்லாம் திரும்பப் பூட்டிய பிறகு?

ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) கேபிளைத் தலைகீழாக மாட்டிப் பறக்க முயன்றவர்கள் உண்டு. விமானத்தை இயக்கும் குச்சியைக் கட்டைவிரல் மேல்நோக்கி நிற்கப் பிடித்து இடப்பக்கம் சாயுங்கள்: கட்டைவிரல் காட்டும் பக்கத்து ஐலரான் மேலே எழ வேண்டும். லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிதாகப் போடுங்கள். டார்க் வைத்ததும் நட்டின் மேல் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் நகர்ந்தது கண்ணுக்குத் தெரியும். பிறகு வேலையில் கை வைக்காத இன்னொருவரை அழைத்து முழுவதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.