வேலை போன நேரத்தில் திட்டம் எதற்கு?

கேள்வி: கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் 11 வருடம் வேலை பார்த்தேன். போன மாதம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. சேமிப்பு 2,40,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை மாதம் 16,000, வீட்டுச் செலவு 24,000. கிரெடிட் கார்டு பாக்கி 60,000. ராத்திரி தூக்கமே வருவதில்லை. அடுத்த சம்பளம் எப்போது என்றே தெரியாதபோது திட்டம் போட்டு என்ன பயன்?

பதில்: உங்களைப் பிடித்து ஆட்டுவது பணத்தட்டுப்பாடு மட்டுமல்ல, அது மூளையில் அடைத்துக்கொள்ளும் இடமும்தான். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. அறுவடைக்கு முன் கை இறுக்கமாக இருந்தபோது யோசனைத் திறன் சோதனைகளில் தடுமாறிய அதே ஆட்கள், அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகவே செய்தார்கள். ஆகவே முக்கியமான முடிவுகளை ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்காதீர்கள். பகலில், மனைவியோடு உட்கார்ந்து, ஒரு நோட்டில் எழுதி முடித்துவிடுங்கள்.

முதலில் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டுங்கள். கையிருப்பு குறைகிறதே என்று பதறும், தெரியும். ஆனால் மாதம் 3.5 சதவீதம் என்றால் 60,000-க்கு வட்டி 2,100 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. அதே பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் மாதம் 150 ரூபாய்கூடத் தேறுவது கடினம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் அசையாது.

மீதி 1,80,000. வீட்டுச் செலவை 20,000-க்குக் கொண்டுவந்தால் தவணையோடு மாதம் 36,000. ஐந்து மாதம் ஓடும். இந்தக் கணக்கு பெரும்பாலும் சறுக்குவது வருடச் செலவுகளில்தான்: பள்ளிக் கட்டணம், டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ். இவற்றைத் தேதியோடு எழுதிக் கழித்துவிட்டுத்தான் மாதங்களை எண்ண வேண்டும்.

அடுத்து, நோட்டில் ஒரு கோடு கிழித்து இப்படி எழுதுங்கள்: "இருப்பு 72,000-ஐத் தொட்டால், சம்பளம் குறைந்த வேலையானாலும் சேருவேன், வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்பேன்." அப்போது இன்னும் இரண்டு மாதப் பணம் கையில் இருக்கும். தவணை ஒன்றுகூடத் தவறாத நிலையில் போய்ப் பேசுகிறவருக்கு வங்கியில் வழி அதிகம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடனாகிவிடும். சலுகை கிடைத்தாலும் அது கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎஃப் பணத்தை இப்போது தொடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததால் எடுத்தாலும் வரி இல்லை, ஆனால் 2024-25-ல் 8.25 சதவீத வட்டி தந்த பணம் அது. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போயிருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று இன்றே கேளுங்கள், இதற்குக் கெடு குறுகியது.

இனி ஞாயிறு காலை அரை மணி நேரம் மட்டும் நோட்டைத் திறங்கள். நடுராத்திரியில் கணக்கு மண்டைக்குள் ஓடினால், 72,000 வரை இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடு வரும்வரை அன்றைக்கு முடிவெடுக்க எதுவும் இல்லை. இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.