பிரேக்கை விட்ட பிறகுதான் சம்பளம்

விமானிகளின் சம்பளம், ஒப்பந்தம், கம்பெனி விசுவாசம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி (சேலம்): 2023-இல் அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு 34 சதவீத உயர்வு என்று படித்தேன். எந்த வேலையில் இப்படி ஒரே அடியாக ஏற்றுகிறார்கள்?

பதில்: ஒரே அடியாக ஏற்றவில்லை. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் 18 சதவீதம், 2024 தொடக்கத்தில் 5, அடுத்த இரண்டு ஆண்டும் தலா 4. வெறுமனே கூட்டினால் 31தான். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் 100 டாலர் முதலில் 118, பிறகு 123.90, 128.86, கடைசியில் 134.01 ஆகிறது. தலைப்புச் செய்திக்குப் போனது அந்தக் கடைசி எண்.

அந்த 18-ஐயும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். பழைய ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டிய நாள் 2019 டிசம்பர் 31. கொரோனா வந்து பேச்சு நின்றுபோனது. மூன்று ஆண்டுக்கு மேல் மணிச் சம்பளம் அசையவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் நுகர்வோர் விலைக் குறியீடு சுமார் 17 சதவீதம் ஏறிவிட்டது. ஆக, முதல் தவணை விலைவாசி தின்றதைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான். நிலுவை என்ற பெயரில் 2020, 2021 வருமானத்தில் 4 சதவீதமும் 2022 வருமானத்தில் 14 சதவீதமும் மொத்தத் தொகையாகக் கொடுத்தார்கள். சதவீதத்துக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது வேலை விதிகளை. ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி வசதியாக வந்திருக்கிறது.

கேள்வி (திருச்சி): மாதம் 80 மணி நேரம்தான் பறக்கிறார்களாம். அதற்கு இவ்வளவு சம்பளமா?

பதில்: 80 மணி என்பது சம்பளக் கணக்கில் வரும் நேரம். வேலை நேரம் அதைவிட மிக அதிகம். அமெரிக்காவில் மீட்டர் ஓடத் தொடங்குவது பிரேக்கை விட்டு விமானம் நகரும்போது. நிற்பது போய்ச் சேர்ந்த இடத்தில் பிரேக் போடும்போது. இதை பிளாக் நேரம் என்பார்கள். வானிலை அறிக்கை படிப்பது, எரிபொருள் கணக்கு, விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது, வெளியூர் ஹோட்டலில் கழியும் இரவு, எதற்கும் மீட்டர் ஓடாது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விதிகள் சேர்க்கிறார்கள். ஒரு கணக்கு போடுவோம் (எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). நான்கு நாள் பயணம், பறந்தது 16 மணி. ஒரு விதி, நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி 15 நிமிடமாவது தர வேண்டும் என்கிறது. அப்படியானால் 21 மணி. இன்னொரு விதி, ஊரை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மூன்றரை மணிக்கும் ஒரு மணி என்கிறது. திங்கள் காலை 8-க்குக் கிளம்பி வியாழன் மதியம் 1-க்குத் திரும்பினால் 77 மணி. அதற்கு 22 மணி. மூன்றில் எது பெரியதோ அதுதான் சம்பளம். பறந்தது 16, வாங்குவது 22.

நிர்வாகம் கை வைப்பதும் இங்கேதான். மணிக்கு 100 டாலரை 110 ஆக்கிவிட்டு, விதியைத் தளர்த்தி அதே பயணத்தை 19 மணிக்கு இறக்கிவிட்டால், 2,200 டாலர் வாங்கிய கை 2,090 வாங்கும். பத்து சதவீத உயர்வு என்று இனிப்பு கொடுத்திருப்பார்கள். பையில் ஐந்து சதவீதம் குறைந்திருக்கும்.

மாத உத்தரவாதமும் இதே ரகம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்ற ஏற்பாடு அது. ஏர் இந்தியாவில் 2023 ஏப்ரலில் புதிய சம்பள முறை வந்தபோது சங்கங்கள் கொதித்ததற்கு ஒரு காரணம், கொரோனாவுக்கு முன் 70 மணியாக இருந்த உத்தரவாதத்தை 40 மணி என்று நிர்ணயித்தது. கொரோனாக் காலத்து 20-ஐ இரட்டிப்பாக்கினோம் என்றது நிர்வாகம். 70-ஐ 40 ஆகக் குறைத்தீர்கள் என்றன சங்கங்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

கேள்வி (தூத்துக்குடி): 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு என்று செய்தி வருகிறது. மறுநாள் விமானம் ஓடுகிறதே?

பதில்: அந்த வாக்கு வேலைநிறுத்தத்துக்கு அனுமதி மட்டும்தான். டெல்டா விமானிகள் 2022 அக்டோபரில் 99 சதவீத ஆதரவோடு அனுமதி கொடுத்தார்கள். ஒரு விமானமும் நிற்கவில்லை. நிறுத்துவதற்குச் சட்டம் எளிதில் விடாது. அமெரிக்காவில் ரயில்வேக்காக 1926-இல் எழுதிய தொழிலாளர் சட்டத்தை 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டித்தார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது, திருத்தத்தக்கதாக மட்டுமே மாறும். புதியது வரும்வரை பழைய சம்பளம், பழைய விதி.

முதலில் நேரடிப் பேச்சு. முட்டுக்கட்டை விழுந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம். வாரியம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இழுக்கலாம், கெடு இல்லை. இனிப் பயனில்லை என்று வாரியமே முடிவு செய்தால் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும். ஒரு தரப்பு மறுத்தாலும் போதும், 30 நாள் ஆறப்போடும் காலம் தொடங்கும். அது முடிந்தால்தான் வேலைநிறுத்தம். அப்போதும் ஜனாதிபதி அவசர வாரியம் அமைத்து இன்னும் 60 நாள் தள்ளலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் கிளிண்டன் தலையிட்டு முடித்துவைத்தார். எப்போதும் அப்படி முடிவதில்லை. 2001-இல் காம்ஏர் விமான நிறுவனத்தில் வேலைநிறுத்தம் 89 நாள் நீடித்தது. 2010-இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் ஐந்து நாள் நின்றது.

இந்த இழுபறியில் யாருக்கு லாபம்? விலைவாசி ஏறும் காலத்தில் நிர்வாகத்துக்கு. ஒவ்வொரு மாதமும் பழைய சம்பளத்திலேயே ஓடுகிறதே.

கேள்வி (கோவை): சங்கத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை உறுப்பினர்களே தோற்கடிக்கிறார்கள். வேண்டாம் என்று வாக்களிப்பது லாபமா, நஷ்டமா?

பதில்: பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 300 டாலர் வாங்கும் கேப்டன். முன்னே இருப்பது 18 சதவீத உயர்வு, அதாவது 54 டாலர். மாதம் 80 மணிக்கு 4,320 டாலர். இதை நிராகரித்து ஒரு ஆண்டு காத்திருந்தால் இழப்பு 51,840. காத்திருந்ததற்குப் பலனாக 21 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். கூடுதல் 3 சதவீதம், மணிக்கு 9 டாலர், மாதம் 720. இழந்ததை எடுக்க 72 மாதம், ஆறு ஆண்டு! நிலுவை முழுதாகக் கிடைத்தால் கணக்கு மாறும். ஆனால் சட்டப்படி நிலுவை கட்டாயமில்லை. அதுவும் பேரம் பேசி வாங்க வேண்டியதே.

அமெரிக்காவில் விமானிகள் 65 வயதில் இறங்கியாக வேண்டும். எனவே 60 வயதுக்காரருக்கு இது நஷ்டம், 35 வயதுக்காரருக்கு நல்ல முதலீடு. சங்கக் கூட்டங்களில் 'பேராசை', 'கோழைத்தனம்' என்று இரு பக்கமும் திட்டிக்கொள்வதில் பாதி, இந்த வயதுக் கணக்குதான்.

மீதிப் பாதி சந்தை. 2022 நவம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 18 மாதத்தில் 14.5 சதவீதம் என்ற ஒப்பந்தத்தை 94 சதவீத வாக்கில் தூக்கி எறிந்தார்கள். 2023 செப்டம்பரில் நான்கு ஆண்டில் 40 சதவீதம் வரை உயர்வு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஜூலையில், பார்சல் நிறுவனமான ஃபெடெக்ஸின் விமானிகளும் 30 சதவீத உயர்வை 57 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். இரண்டு ஆண்டு கழிந்து 2025 ஜூலை வந்தபோதும் அவர்களுக்குப் புது ஒப்பந்தம் கிடைத்திருக்கவில்லை. யுனைடெட் மறுத்தபோது பயணிகள் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2020-இல் முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிய நிறுவனங்கள் ஆள் தேடி அலைந்தன. ஃபெடெக்ஸ் மறுத்தபோது கொரோனாக் காலத்துப் பார்சல் வெள்ளம் வடிந்துவிட்டது. ஒரே ஆயுதம்தான், ஓங்கிய நேரம் வேறு.

கேள்வி (புதுச்சேரி): ஒரு நிறுவனத்தில் ஏற்றினால் இன்னொன்றிலும் உடனே ஏறுவது எப்படி?

பதில்: டெல்டாவின் 2023 ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து உண்டு: யுனைடெட்டோ அமெரிக்கன் ஏர்லைன்ஸோ அதிகம் கொடுத்தால், அதைவிட ஒரு சதவீதம் மேலே டெல்டா கொடுக்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2023 மே மாதத்து ஒப்பந்தத்துக்கு வாக்களிக்க இருந்த நேரத்தில் யுனைடெட்டில் அதைவிட நல்ல பேரம் படிந்தது. அமெரிக்கன் நிர்வாகம் தன் தொகையை உயர்த்திய பிறகே ஆகஸ்டில் வாக்கு தேறியது. பக்கத்துக் கடை விலையைப் பார்த்து நம் கடை விலை மாறுவதுதான், எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை): முப்பது ஆண்டு ஒரே கம்பெனியில் இருக்கும் விமானியை விசுவாசி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் அவரால் வேறெங்கும் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விமானியின் சொத்து, சேர்ந்த தேதிப்படி கிடைக்கும் சீனியாரிட்டி எண். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு வீட்டில் இருப்பாரா (அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்), கேப்டன் ஆவாரா, ஆட்குறைப்பில் தப்புவாரா எல்லாம் அந்த எண்தான். பதினைந்து ஆண்டு கேப்டன் வேறு நிறுவனம் போனால் பட்டியலின் அடியில், முதலாண்டுத் துணை விமானியின் சம்பளத்தில் தொடங்க வேண்டும். மனசில்லாவிட்டாலும் இருந்துதான் ஆக வேண்டும்.

கம்பெனி பிழைத்தால்தானே நாம் பிழைப்போம் என்று விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. டெல்டா விமானிகள் 2004 இறுதியில் 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டே நிறுவனம் திவால் பாதுகாப்புக்குப் போனது. 2006-இல் மேலும் 14 சதவீத வெட்டு. 100 டாலர் 67.50 ஆகி, பிறகு 58 ஆனது. அவர்களுடைய பென்ஷன் திட்டமும் அதே ஆண்டு முடித்துவைக்கப்பட்டு அரசுக் காப்பீட்டு அமைப்பின் தலையில் விழுந்தது. யுனைடெட்டில் இது 2005-லேயே நடந்தது. 2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் யு.எஸ். ஏர்வேஸ் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும் சொன்னார்.

அதற்காக விட்டுக்கொடுப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். மூடிய கம்பெனியில் சீனியாரிட்டி எண்ணுக்கு மதிப்பில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது சம்பள பாக்கியோடு வெளியேறியவர்களைக் கேளுங்கள். ஆனால் வெட்டுக்குச் சம்மதிக்கும் தாளிலேயே, லாபம் எந்த அளவைத் தொட்டால், எந்தத் தேதிக்குள் பழைய சம்பளம் திரும்பும் என்று எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக விட்டது யானை வாயில் போன கரும்பு.

கேள்வி (நாகர்கோவில்): 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும் சம்பளத் தகராறா?

பதில்: இல்லை. அது அரசின் ஓய்வு விதி. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. ஒரு விமானிக்கான இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டானது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1-இல் அமலானது. அதற்கேற்ற ஆள் பலம் இண்டிகோவின் ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) இல்லை.

கேள்வி (திருநெல்வேலி): மகன் இந்திய நிறுவனம் ஒன்றில் துணை விமானி. வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது. உடனே கிளம்பலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசின் டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி நோட்டீஸ் காலம் கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம். நிறுவனம் ராஜினாமாவை ஏற்று என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கொடுத்தால் முன்னதாகப் போகலாம். 2023-இல் ஆகாசா ஏரில் 40-க்கும் மேற்பட்ட விமானிகள் நோட்டீஸ் முடிக்காமல் போனதும், விமானங்கள் ரத்தானதும், நிறுவனம் நீதிமன்றம் போனதும் நினைவிருக்கலாம்.

புது நிறுவனத்திடம் சேரும் தேதியைப் பேசும்போதே ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ராஜினாமாவை மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்க வேண்டும். நாள் எண்ணுவதில்தான் பின்னால் சண்டை வரும். அடுத்து டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கான பயிற்சிக்கு எழுதிக் கொடுத்த பாண்ட். அதில் எழுதியுள்ள தொகை வேலை செய்த மாதங்களுக்கேற்பக் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத் தொகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை மேல் வரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதே கேள்வி. பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவின் ரசீது, விவரங்களைக் கேட்டு வைப்பது பேரத்துக்கு உதவும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. நோட்டீஸ் காலத்தில் ரோஸ்டரில் பறப்பு குறைந்துபோனால், 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று தரையிறக்கம் என்ற தகுதி கைவிட்டுப் போகும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் தேர்வும் தள்ளிப்போகும். புது நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்பதுதான். பறப்பு குறைந்தால் அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். லாக்புக் (பறந்த நேரப் பதிவேடு) பக்கங்களில் நிறுவனத்தின் சான்றொப்பத்தை மாதாமாதம் வாங்கிவிட வேண்டும். வெளியேறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.