மூக்கு நுனி அறுவை சிகிச்சை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பிளாஸ்டிக் சர்ஜரி பற்றி உங்கள் தளத்தில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 27 வயது. வங்கியில் வேலை. பள்ளிக் காலத்திலிருந்தே என் மூக்கின் நுனி உருண்டையாக, சதைப்பற்றாக இருக்கிறது. சிரித்தால் கீழே இறங்குகிறது. எண்ணெய்ச் சருமம், பருவும் உண்டு. தை மாதம் கல்யாணம். இன்னும் நான்கு மாதம்தான். நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் அத்தை, "மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா இருந்திருக்கலாம்" என்று சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

ஒரு கிளினிக்கில் என் செல்ஃபியைக் கம்ப்யூட்டரில் மாற்றிக் காட்டினார்கள். ஆபரேஷனுக்குப் பயமாக இருந்தால் நூல் போட்டு அரை மணி நேரத்தில் நுனியைத் தூக்கிவிடலாம் என்றார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி. செய்துகொள்ளலாமா? மூக்குத்தி போட்டிருக்கிறேன், அதனால் சிக்கல் வருமா?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம். நூலும் வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் இந்த எண்ணம் உங்களிடம் இருந்தால் அப்போது செய்துகொள்ளுங்கள். பள்ளி நாளிலிருந்து உறுத்தும் ஒன்றை மாற்றிக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் இந்தத் தேதியும் உங்கள் சருமமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

மூக்கு நுனிக்குள் எலும்பு கிடையாது. இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு மெல்லிய குருத்தெலும்புகள்தான் அதன் வடிவம். அவை நடுவில் சேர்ந்து, துவாரங்களுக்கு இடையிலுள்ள சிறு தூணாக இறங்குகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜாக் ஆண்டர்சன் இந்த அமைப்பை ஒரு முக்காலியாகப் பார்க்கச் சொன்னார்: நடுத்தூண் ஒரு கால், இரண்டு பக்கக் குருத்தெலும்புகள் மற்ற இரு கால்கள். நடுக்கால் தளர்ந்தால் நுனி இறங்கும்; பக்கக் கால்களைக் குறைத்தால் நுனி மேலே திரும்பும். நுனியில் செய்யும் எந்த வேலையும் இந்த மூன்றில் ஒன்றை நீட்டுவது, குறைப்பது, வலுப்படுத்துவதுதான்.

இந்தச் சட்டத்தின் மேல் போர்த்தியிருப்பது சருமம். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். மெல்லிய சருமத்தில் குருத்தெலும்பில் செய்யும் அரை மில்லிமீட்டர் மாற்றமும் வெளியே தெரியும், பிசகும் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த தடித்த சருமத்தில் உள்ளே செய்ததில் ஒரு பகுதிதான் வெளியே தெரியும். உருண்டையான நுனியைச் சிறிதாக்க வேண்டுமென்றால் உள்ளிருப்பதை வெட்டி எடுக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தடித்த சருமத்தில் அப்படி நிறைய வெட்டினால் சருமம் அந்த அளவுக்குச் சுருங்காது. இடையில் உண்டாகும் வெற்றிடத்தைத் தழும்புத் திசு நிரப்பும். நுனிக்குச் சற்று மேலே புடைத்து, மூக்கு கிளி அலகு போல வளையும். மறு அறுவைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிரச்சினை இது.

ஆகவே உங்களைப் போன்றவர்களுக்குச் செய்யும் நல்ல அறுவையில் எடுப்பது குறைவு, சேர்ப்பது அதிகம். பக்கக் குருத்தெலும்பின் மேல் விளிம்பில் சிறிது எடுப்பார்கள். குறைந்தது 6 முதல் 8 மி.மீ. அகலமாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே போனால் சில வருடங்களில் மூக்கு மடல் மேலே இழுபடும், நுனி கிள்ளியது போலாகும், மூச்சை இழுக்கும்போது மடல் உள்ளே ஒட்டும். பிறகு குருத்தெலும்பின் வளைவுகளைத் தையலால் நெருக்கிக் கூர்மையாக்குவார்கள். நடுக்காலுக்கு வலு கொடுக்க ஒரு குருத்தெலும்புத் துண்டை நிறுத்துவார்கள். சிரிக்கும்போது நுனி இறங்குவதற்கு அங்கே கீழே இழுக்கும் ஒரு சிறு தசையும் காரணமாக இருக்கலாம். தேவையானால் அதையும் விடுவிப்பார்கள். பெண்களுக்கு மேலுதடும் நடுத்தூணும் சேரும் கோணம் ஏறத்தாழ 95 முதல் 110 பாகை வரை இருந்தால் இயல்பாகத் தெரியும். அதற்கு மேல் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எதிரே நிற்பவருக்குத் துவாரங்கள்தான் தெரியும்.

அந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். முதல் தேர்வு மூக்கின் நடுச்சுவர். அதிலிருந்து எடுத்த பிறகும் மூக்கின் முதுகை (மேல்கோட்டை) ஒட்டிய ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது 1 செ.மீ. அகலம் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் மூக்கு குழிந்துபோகும். அது போதாவிட்டால் காது மடலின் குழியிலிருந்து எடுப்பார்கள். காதின் வடிவம் மாறாது, ஆனால் அந்தக் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது, தாங்கு தூணாக அவ்வளவு நிற்காது. மறு அறுவைகளில் விலா எலும்பின் குருத்தெலும்பு வரை போவதுண்டு. நுனிக்குச் சிலிகோன் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓயாமல் அசையும் இடம் அது. வருடங்கள் கழித்தும் சிலிகோன் சருமத்தை அரித்து வெளியே வரலாம்.

இனி தேதி. நுனி மட்டும் என்றால் தழும்பு ஒரு சிறு கோடு, நடுத்தூணின் குறுக்கே. ஐந்து முதல் ஏழு நாளில் தையலும் மூக்கை அசையாமல் பிடிக்க மேலே வைத்த ஸ்ப்ளின்ட்டும் எடுத்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் வேலைக்குப் போகலாம். இதைக் கேட்டுத்தான் நான்கு மாதம் தாராளம் என்று பலரும் நினைக்கிறார்கள். முகத்தில் வேறெங்கு வீக்கம் வடிந்தாலும் மூக்கு நுனியில் கடைசியில்தான் வடியும். சாதாரணச் சருமத்துக்கு ஒரு வருடம் ஆகும், உங்களுடையதைப் போன்ற சருமத்துக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். நான்காம் மாதத்தில் நுனி இப்போது இருப்பதைவிடப் பெரிதாக, மரத்துப்போய், கெட்டியாக இருக்க வாய்ப்பு உண்டு. சிரித்தால் மேலுதடு இறுகினாற்போல் இருக்கும். கல்யாண ஆல்பத்தில் பதிவது அந்த மூக்கு. அதோடு, திருப்தி இல்லை என்றால் மறு அறுவைக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்கத்தான் வேண்டும்.

நூல் பற்றி. கரையும் நூலைச் சருமத்துக்கு அடியில் செலுத்தி நுனியை நிமிர்த்துவது அது. சில மாதங்களில் நூல் கரைந்துவிடும், தூக்கிய நுனியும் பழையபடி இறங்கிவிடும். இடையில் நூல் முனை சருமத்தைத் துளைத்து வெளியே வரலாம், சீழ் பிடிக்கலாம். பின்னால் முறையான அறுவை செய்யும்போது அந்தத் தழும்புகள் இடைஞ்சல். ஜெல்லைச் செலுத்தி வடிவம் மாற்றும் ஃபில்லர் ஊசி பற்றி அவர்கள் இன்னும் பேசவில்லை, பேசக்கூடும். மூக்கின் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஜெல் தவறிக் குழாய்க்குள் போனால் நுனிச் சருமம் அழுகலாம், பார்வையே போகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. உருண்டையான நுனிக்கு இன்னும் கனம் சேர்க்கும் பொருளால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

கிளினிக்கில் உங்கள் செல்ஃபியை மாற்றிக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். 2018இல் ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் ஒரு கணக்கு வெளியானது: சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. எனவே வேறொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வைத்து, கேமரா மூக்கின் உயரத்தில் இருக்க, நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, இரண்டு முக்கால் பக்கவாட்டு, கீழிருந்து என்று ஆறு படம் எடுங்கள். சிரித்தபடி ஒரு பக்கவாட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தாடை உள்வாங்கியிருக்கிறதா, மூக்கின் முதுகு தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். சிலருக்கு நுனி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே.

கண்ணாடி முன்னால் ஆழமாக மூச்சை இழுங்கள். மடல் உள்வாங்கினால் அல்லது கன்னத்தை லேசாக வெளிப்பக்கம் இழுக்கும்போது மூச்சு இலகுவானால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அது. வளைந்த நடுச்சுவரைச் சீராக்கும் பகுதிக்குக் காப்பீடு கிடைக்கக்கூடும். அழகுக்கான பகுதிக்குக் கிடைக்காது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. எழுத்தில் மதிப்பீடு வாங்கும்போது இதைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பருவைப் பற்றி எழுதியதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய்ச் சருமத்தைக் கட்டுப்படுத்தினால் மூக்கு கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்று பருவுக்கான ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடாதீர்கள். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. புதுமணப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது பெரும் குற்றம்.

பிறகு யாரிடம் போவது? பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற சிறப்புப் பட்டம் உள்ளவர், இல்லையென்றால் மூக்கறுவையில் தனிப்பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர். கேட்க வேண்டியவை: தடித்த சருமம் உள்ளவர்களின் ஒரு வருடம் கழிந்த படங்கள் உண்டா, மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா, மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது. கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி "இப்படியே வரும்" என்று சொல்பவரைவிட "இவ்வளவுதான் வரும்" என்று சொல்பவரிடம் போங்கள். இந்த வாரத்துக்குள் என்று தள்ளுபடி சொல்லி அவசரப்படுத்துபவரிடம் போகாதீர்கள்.

அத்தை சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் உங்களை இப்போது தள்ளுகிறது என்றால், அதற்காக உடம்பில் கத்தி வைக்க விடாதீர்கள். மூக்கைப் பற்றிய நினைப்பு தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது, அதனால் ஆட்களைப் பார்க்கவே தவிர்க்கிறீர்கள் என்றால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலைக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அறுவையால் அது பெரும்பாலும் தீருவதில்லை, சில சமயம் கூடவும் செய்கிறது.

மூக்குத்தியால் அறுவைக்குத் தடையில்லை. அன்றைக்குக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் இரத்தம் நிறுத்தும் மின்கருவியில் உலோகம் சூடேறும். துளையைச் சுற்றிப் பருவோ கசிவோ இருந்தால் அது முழுதும் ஆறிய பிறகே தேதி குறிக்க வேண்டும். காது குத்திய இடத்தில் எப்போதாவது தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் வீக்கத்தோடு திருகாணியைத் திணிக்கக் கூடாது. துளை தூர்ந்தாலும் பரவாயில்லை, மருத்துவர் அனுமதித்த பிறகு மறுபடி குத்திக்கொள்ளலாம்.

அன்புடன்