துணுக்கு என்று சொல்லாதீர்கள்

கேள்வி: காலைத் தேநீரோடு உங்கள் இதழைப் புரட்டுவது என் பல வருடப் பழக்கம். அண்மைக்காலமாகக் கோப்பிச் செடிக்கு வந்த நோய், ஞாயிறு விடுமுறை இல்லாத வருடங்கள், பழைய வானொலிப் பெட்டி என்று துணுக்குகளால் பக்கங்களை நிரப்புகிறீர்கள். நம் இனத்தின் உரிமை, நாட்டின் பொருளாதாரம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. துறைமுகத்தில் முப்பது வருடம் பணியாற்றிய என் தந்தையார் எனக்குச் சொல்லித்தந்த வரலாறு அரசர்களையும் போர்களையும் சட்டங்களையும் பற்றியது. இந்தச் சில்லறை விடயங்கள் யாருக்கு வேண்டும்?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்களுக்கு வேண்டும், ஐயா. உங்கள் கையில் இருந்த அந்தத் தேநீரிலிருந்தே தொடங்குகிறேன்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் நம் மலைகளில் நின்றது கோப்பி. 1869இல் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவிலிருந்து அந்த இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. நோயை நிறுத்த முடியவில்லை. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் மிகப் பெரும்பாலும் அழிந்துபோயின. நோய் கண்ணில் படுவதற்கு இரண்டு வருடம் முன்னதாக, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பரீட்சார்த்தமாகத் தேயிலை நட்டிருந்தார். விழுந்தவர்கள் பற்றிக்கொள்ளக் கிடைத்த கொம்பு அதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கண்டி மலைகளுக்கு நடந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் திரும்பவில்லை. தேயிலை அப்படி விடாது. கொழுந்து வருடம் முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெண்கள் கூடை சுமந்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், லயங்கள் என்ற வரிசை வீடுகள் நிரந்தரமாயின. 1948இல் அவர்களின் குடியுரிமையும் அடுத்த வருடம் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நம் இனத்தின் உரிமையைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். அந்த இலையின் அடிப்புறத் தூளை விட்டுவிட்டு மலையகத் தமிழரின் கதையை எங்கிருந்து தொடங்குவது? 1948இலிருந்து தொடங்கினால், அவர்கள் ஏதோ வழிதவறி வந்து தங்கிவிட்டவர்கள் போலத் தோன்றும். அப்படித் தோன்றவைத்தவர்களுக்கு நாமும் துணைபோக வேண்டுமா?

ஞாயிறு இல்லாத வருடங்களையும் துணுக்கு என்கிறீர்கள். அப்போது நான் கொட்டாஞ்சேனையில் பள்ளிச் சிறுவன். 1966 ஜனவரி முதல் ஞாயிறு சாதாரண வேலை நாளாகிவிட்டது. அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமிகள் என்று பௌத்தர்களின் புனித நாட்களான நான்கு போயா தினங்களே விடுமுறை; ஒவ்வொன்றுக்கும் முந்திய நாள் அரைநாள். சந்திரன் நம் ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படுமா? ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அம்மா அடுப்புக்கரியால் போயாக்களை வட்டமிட்டு, முந்திய அரைநாளுக்கு ஒரு கோடு இழுத்து வைப்பார். மாதக் கடைசியில் அந்தத் தாள் முழுக்கக் கரி விரல்கள் பதிந்திருக்கும். கடைக் கணக்குத் தீர்ப்பது, மாமா வீட்டுக்குப் போவது எல்லாம் அந்த வட்டங்களைப் பார்த்துத்தான். சனி நீராடு என்பார்களே, எங்கள் வீட்டு எண்ணெய் முழுக்கே போயாவுக்கு மாறிவிட்டது. அடுத்த வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் ஞாயிறு விடியுமுன் பூசைக்குப் போய்வந்து, அதே உடுப்போடு கந்தோருக்கும் பள்ளிக்கும் ஓடுவார்கள். வெளிநாட்டு வங்கிகள் திறந்திருக்கும் நாளில் கொழும்பு மூடிக்கிடந்தது. வர்த்தகம் தாங்கவில்லை, 1971இல் ஞாயிறு திரும்பிவந்தது, பூரணை விடுமுறை மட்டும் தங்கிவிட்டது. சட்டங்களே வரலாறு என்கிறீர்கள். இதுவும் சட்டத்தால் வந்ததுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைப் படித்தாலும் அந்தக் கரி வட்டங்கள் கிடைக்காது.

போர்தான் வேண்டும் என்றால் அதிலும் ஒன்று இருக்கிறது. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டின்போது, நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் வரை அந்த மீதி அரை மணி நம்மோடு இருந்தது. கொழும்பில் புதிய நேரம், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம். ஒரு சோதனைச்சாவடியைக் கடந்தால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு ஆட்சி என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடம் காட்டும்?

வானொலிப் பெட்டிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் தன் படையினருக்காக இங்கே ஒரு வானொலி நிலையம் அமைத்தது. போர் முடிந்தபின் அதன் வலுவான சிற்றலை ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். சிப்பாய்களுக்காக நிறுத்திய கருவி வழியே அந்தப் பாடல்கள் கொழும்பிலிருந்து கடல் கடந்தன. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலும் கூடவே போயிற்று. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் சில வருடங்களில் வானொலிப் பெட்டிக்குள் புகுந்ததும், மின்கம்பி எட்டாத குடிசையிலும் பற்றரி போட்டுக் கேட்க முடிந்தது. இந்தியா 1957இல் விவித பாரதியைத் தொடங்கியது இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான். தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு தலைமுறை நம் அறிவிப்பாளர்களின் தமிழைக் காது கொடுத்துக் கேட்டது. இதை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. உங்களுக்கும் நிமிர வேண்டும்.

கடைசியாக உங்கள் தந்தையார். அவர் உங்களுக்கு அரசர்களைப் பற்றிச் சொன்னார். தாம் நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் 58 அலுமினியக் கொள்கலன் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. மால்கம் மக்லீன் என்ற லொறி முதலாளியின் யோசனை அது. மூட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றும் வேலையை அந்தப் பெட்டி உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் விழுங்கியது, கொழும்பு உட்பட. முதுகில் சாக்கு விரித்து அரிசி மூட்டை சுமந்த நாட்டாமைமார் என்ற துறைமுகச் சுமையாளர்கள் கொழும்பின் கொச்சிக்கடையிலும் ஜிந்துப்பிட்டியிலும் குடியிருந்தவர்கள். கொள்கலன் வந்தபின் அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உங்கள் தந்தையார் வேலை முடிந்து வந்து வீட்டில் என்ன பேசினார்? எந்த வாயிலால் உள்ளே போவார், யாரோடு தேநீர் குடிப்பார், யார் வேலையிழந்ததற்காக வருந்தினார்? நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.