அந்த கோர்ஸுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

பெங்களூரு அல்சூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மகள் பிசிஏ கடைசி வருடம். "ஏஐ வந்துடுச்சு, இனிமே கோடு எழுதத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்" என்று வொயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தாய்மாமா சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அவர் காட்டிய ஏஐ கோர்ஸுக்கு மூன்றரை லட்சம், முன்பணமாகப் பத்தாயிரம் கட்டியாகிவிட்டது. நகையை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

உங்கள் பயம் நியாயம்தான், அம்மா. ஆனால் நகையைத் தொடாதீர்கள்.

உங்கள் அண்ணன் விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியில் ஆரம்பித்தவர் என்று நீங்களே சொன்னீர்கள். 1998-ல் வந்த அதன் ஆறாம் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2008-ல் ஆதரவை நிறுத்திவிட்டது. அவர் வேலை ஏன் போகவில்லை? கூடவே டேட்டாபேஸ் கற்றிருந்தார். டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்க 1970-களில் ஐபிஎம்மில் உருவான எஸ்க்யூஎல் மொழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கோர்ஸின் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பெரும்பகுதி இன்றைய கருவிகளின் பெயர்கள்தான். வட்டி கட்டி முடிப்பதற்குள் அவற்றில் பல மாறிவிடும்.

மகளிடம் தனியாகப் பேசினேன். கடை பில்லில் ஒரு ரூபாய் இடித்ததைச் சொன்னபோதுதான் முகம் மலர்ந்தது. கடையின் பில் மென்பொருள் ஒவ்வொரு பொருளின் வரியையும் முழு ரூபாயாக்கிவிட்டு அப்புறம் கூட்டுகிறது. கூட்டிய பிறகுதான் முழுதாக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பில்லைப் பொருள் பொருளாகப் பிரித்து அவளே கண்டுபிடித்திருக்கிறாள். பிழை தேடுவதுதான் அவள் நாட்டம். ஏஐ நொடியில் எழுதித் தரும் நிரலிலும் இதே மாதிரிப் பிழை ஒளிந்திருக்கும்.

அவளுக்கு நான் சொல்வது திறமூல மென்பொருள் வேலை, அதாவது நிரலை யாரும் படித்துத் திருத்த முடிகிற மென்பொருள். கடிதம், கணக்கு எழுத உதவும் இலவச லிப்ரே ஆபிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போன பதிப்பில் ஒழுங்காக இருந்தது இந்தப் பதிப்பில் கெட்டுப்போயிருக்கும். எந்த மாற்றத்தால் கெட்டது என்று தேட ஆள் வேண்டும் என்ற குறிப்போடு பல பிழைகள் அதன் பொதுப் பட்டியலில் காத்திருக்கின்றன. இடைப்பட்ட பதிப்புகளைத் தயாராகவே தொகுத்து வைத்திருக்கிறார்கள். நடுப்பதிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் பிழை இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. ஆயிரம் மாற்றங்கள் என்றாலும் ஏறக்குறைய பத்தே சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில் இதற்கு 'பைசெக்ட்' என்றே ஒரு கட்டளை உண்டு. அப்புறம் அந்த மாற்றத்தைப் படித்து, ஏன் உடைந்தது என்று தெளிவாக எழுத வேண்டும். சின்னப் பிழை என்றால் அவளே திருத்தி அனுப்பலாம். மூத்த நிரலாளர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருத்தங்கள்தான் படிப்பு. ஏற்றுக்கொண்டால் அவள் பெயர் அங்கே நிரந்தரமாக இருக்கும், நேர்காணலில் திறந்து காட்டலாம்.

புதியவர்களைத் திறமூல வேலையில் பழக்க 2005-ல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டம் 2022 முதல் மாணவர் அல்லாதவர்களுக்கும் திறந்திருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. இதில் பழகியவளுக்கு அது எட்டாத தூரம் இல்லை.

செலவு? கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் நல்ல பழைய லேப்டாப் ஒன்று, எட்டு ஜிபி ராம், விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ். தரவிறக்கம் பல ஜிபி வரும், ஆகவே வீட்டில் பிராட்பேண்ட் வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் அவளைக் கடைக்குக் கூப்பிடாதீர்கள். வேலை உறுதி என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த கோர்ஸ்காரர்கள் கொடுத்தால் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். ஏஐ கருவிகளையும் அவள் பழகட்டும், இலவசமாகக் கிடைப்பதே இப்போதைக்குப் போதும்.

அண்ணனிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். முன்பணமாகக் கட்டிய பத்தாயிரத்தை இந்த வாரமே மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள். ரசீது நகலையும் இணையுங்கள்.