கமிஷன் ஆள் கொடுத்த லஞ்சம்: கம்பெனி மாட்டுமா?

கேள்வி: கோவையில் தீயணைப்புக் கருவிகள் பொருத்தும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. நானும் என் மைத்துனரும் டைரக்டர்கள். அரசு அலுவலகம் ஒன்றில் இழுத்தடித்த பில்லை வாங்கித் தர, கமிஷனுக்கு ஒருவரை வைத்தோம். அவர் அங்கே 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அது 'சைட் செலவு' என்று வவுச்சரில் ஏறியிருப்பதை நான்கு மாதம் கழித்து ஆடிட்டர் பிடித்தார். எனக்கு எதுவும் தெரியாது. வவுச்சரை மாற்றி எழுதிவிடலாமா? அடுத்த பில்லுக்கும் பணம் கேட்கிறார்களாம்.

பதில்: வவுச்சரைத் தொடாதீர்கள். கணக்கைத் திருத்துவது தனிக் குற்றம். இருக்கிற தலைவலி போதும்.

தெரியாது என்பது உங்களைக் காப்பாற்றலாம், கம்பெனியைக் காப்பாற்றாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் திருத்தப்பட்டது. கம்பெனிக்காக வேலை பார்ப்பவர் தொழில் ஆதாயத்துக்காக அரசு ஊழியருக்குப் பணம் கொடுத்தால், இப்போது பிரிவு 9-இன் கீழ் கம்பெனிக்கே அபராதம். அவர் நம் சம்பள ஆள் இல்லை என்ற வாதம் எடுபடாது. அவர்மீது வழக்கு இல்லாவிட்டாலும் கம்பெனிமீது வரலாம். இப்படி நடக்காமல் தடுக்கப் போதுமான ஏற்பாடுகள் முன்பே இருந்தன என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். வாய்ப்பேச்சிலேயே ஆளை வைத்திருந்தால் அது கஷ்டம்.

சிறை என்பது பிரிவு 10: 3 முதல் 7 ஆண்டுகள். ஆனால் டைரக்டரின் சம்மதமோ உடந்தையோ இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அந்த வவுச்சரில் 'பாஸ்' போட்டது யார்? அந்த வாரம் சைட்டில் வேலையே நடக்கவில்லை என்றால், கையெழுத்துப் போட்டவரிடம்தான் முதல் கேள்வி. அது மைத்துனர் என்றால், இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம்.

நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் பிரிவு 8-இல் விலக்கு உண்டு. உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. என்னைக் கேட்டால் இந்த 7 நாள் கணக்கு சிறு தொழில்காரருக்குக் கொடுமை. பில் அதே மேஜையில் கிடக்கும்போது எவர் புகார் கொடுக்கப் போவார்? லஞ்சம் கொடுத்தவரின் வாக்குமூலத்துக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய பிரிவு 24-ஐயும் எடுத்துவிட்டார்கள். கம்பெனியைப் பொறுப்பாக்கியது நல்லதுதான். கூடவே அந்தத் திருத்தம் கொடுத்தவரின் வாயையும் அடைத்துவிட்டது.

அடுத்த பில் விஷயத்தில் வழி இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்படி ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தால் அது குற்றமாகாது. ஆனால் பழைய 40,000-மும் அங்கே பேச்சில் வரும். அதனால் ஒரிஜினல் வவுச்சர், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த ஆளின் வாட்ஸ்அப் செய்திகளுடன் முதலில் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள். அதுவரை அந்த ஆள் கையில் ரொக்கம் போகக் கூடாது.